ஒன்றாம் தேதிச் சம்பளம்

(திருநாவலூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த ஒன்றியத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பிள்ளையை என்னவாக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "ஏதாவது ஒரு கவர்ன்மென்ட் வேலை கெடைச்சாப் போதும்." எந்தத் துறை, என்ன வேலை என்பதெல்லாம் அப்புறம். கிராம நிர்வாக அலுவலர் ஆனாலும் சரி, இளநிலை உதவியாளர் ஆனாலும் சரி, உளுந்தூர்பேட்டையில் முகாமிட்டிருக்கும் சிறப்புக் காவல் படையின் பத்தாம் அணியில் சேர்ந்தாலும் சரி. காரணம் கேட்டால் அம்மாக்கள் சொல்வது இதுதான்: "ஒண்ணாந்தேதியானா சம்பளம் வந்துடும் தம்பி."

இந்தப் பதிலைக் கேட்டுச் சலித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இளைஞர்களுக்குத் துணிச்சல் இல்லை, சொந்தத் தொழில் தொடங்க மாட்டேன் என்கிறார்கள் என்று மேடையேறிக் கடிந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஒன்றாம் தேதிச் சம்பளத்தின் மேல் இந்த ஊருக்கு இருக்கும் ஆசை, பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு. அந்த அறிவு எந்தெந்த வருடத்தில் நமக்குக் கிடைத்தது, இன்றைக்கும் அது முழுக்கச் செல்லுபடியாகுமா என்று பார்க்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் நம் கள்ளக்குறிச்சி. கரும்பு போட்டவருக்குப் பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் காசு. அந்தக் காசும் அவர் கையில் இல்லை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். உத்தரவு தள்ளிப்போனால் வயலிலேயே கரும்பு பூத்து நிற்கும், சாறு வற்றும், எடை குறையும். வெட்ட ஆள் கிடைக்காத நேரத்தில் வெட்டுக்கூலி ஏறும். எல்லாம் முடிந்து லாரி போன பிறகு எடைச்சீட்டு வரும், பணம் வராது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படி ஓர் ஆணை இருக்கும் நாட்டில்தான் தமிழகத்துக் கரும்பு விவசாயிகள் நிலுவைத் தொகை கேட்டு வருடக்கணக்கில் தெருவில் நின்றார்கள்.

அப்படி ஒரு விவசாயி வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தகரப் பெட்டியில் அப்பா எடைச்சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அடகுக்கடைக்குப் போகிறார், பிள்ளையும் கூடப் போகிறது. கடைக்காரர் சங்கிலியை உரசிப் பார்த்து, எடை போட்டு, ரசீது எழுதுகிறார். வீட்டில் காசே வராமல் இல்லை. வர வேண்டிய காசு அந்தப் பெட்டிக்குள் சீட்டாகக் கிடக்கிறது. அடுத்த வீதியில் இருக்கும் சத்துணவு அமைப்பாளர் வீட்டில் பெரிய வருமானம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வீட்டம்மா சங்கிலியைக் கழற்றவில்லை. வருமானம் எவ்வளவு என்பதைவிட அது எந்தத் தேதியில் வரும் என்பதுதான் பெரிது என்று அந்தப் பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்கிறது. இந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்தவில்லை. ஆனால் அது மறக்காது.

இனி வருடங்களைப் பார்ப்போம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாயும் ஆயிரம் ரூபாயும் செல்லாது என்றார்கள். கிணறும் வற்றியது, கையிருப்பும் முடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியபோது, அங்கே மூட்டை தூக்கியும் காய்கறி விற்றும் பிழைத்த நம் பக்கத்து ஆட்கள் ஊர் திரும்பினார்கள். நோயைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பயிர் மூழ்கியது, ஆடு மாடு போனது.

2016இல் பத்து வயதாக இருந்த குழந்தைக்கு 2020இல் பதினான்கு, 2024இல் பதினெட்டு. இந்த அரங்கத்தில் கல்லூரிப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வீட்டின் வரவு செலவு நொறுங்கியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நிலையான வேலை வேண்டும் என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இதே மாவட்டத்தின் மேற்கே போனால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துத்தான் அந்த மக்களுக்கு அரசாங்கம் என்ற ஒன்று நேரடியாக வந்தது. இன்று அங்கே மரவள்ளி போடுகிறார்கள். கிழங்கின் விலையை ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள்தான் தீர்மானிக்கின்றன. விலை விழுந்த வருடம் மேஸ்திரி முன்பணத்தோடு மலையேறி வருகிறார். குடும்பம் குடும்பமாக வெளியூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இருபது பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பலர் நம் வடமாவட்டத்து மலைகளின் மக்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலையில்லாத வாழ்க்கை எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வழியுள்ள வீட்டுப் பிள்ளை போட்டித் தேர்வுக்குப் படிக்கிறது. ஒரு வாரத்துக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை மேஸ்திரியின் முன்பணத்தை வாங்குகிறது. ஒருவர் ஆபத்தே இல்லாத வேலையைத் தேடுகிறார், மற்றவர் உயிருக்கே ஆபத்தான வேலைக்குப் போகிறார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். கொஞ்சம் வசதி இருந்தால் நர்சிங், இல்லையென்றால் மேற்கு மாவட்டத்து நூற்பாலை. அந்தப் பெண்ணுக்கு எதில் விருப்பம் என்று யாரும் கேட்பதற்குள் வீட்டு நிலைமை பதில் சொல்லிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1930களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் அப்போது சிறுவர்களாக இருந்தவர்களின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பதிவுகளை வைத்து, சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974இல் ஒரு புத்தகம் எழுதினார். வருமானம் இழந்த வீட்டுப் பிள்ளைகள் சீக்கிரமே வேலைக்குப் போனார்கள், வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். என்ன தொழில் என்பதையும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் முடிவு செய்துவிட்டார்கள். சுற்றிப் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கும் அவகாசம் அவர்களுக்கு இல்லை.

மரியா கோட்டோஃபானும் அவருடைய சகாக்களும் சில வருடங்களுக்கு முன் செய்த ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் பொருளாதாரச் சரிவைப் பார்த்தவர்கள், பிறகு நிலைமை சீரான பின்னும், வேலையில் மனநிறைவைவிட வருமானத்துக்கே கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தார்கள். அந்த மனப்போக்கு வாழ்நாள் முழுக்க நீடித்தது. லிசா கான் என்ற பொருளியலாளர், மந்தமான வருடத்தில் பட்டம் பெற்று வெளியே வந்த அமெரிக்க இளைஞர்களின் சம்பளத்தை ஆராய்ந்தார். தொடக்கத்தில் ஏற்பட்ட இழப்பு பதினைந்து வருடம் கழித்தும் முழுதாக ஈடாகவில்லை. இலங்கையில் 2022இல் நாடே கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது, அந்த ஒரே ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள வயதில் நாட்டுக்கு என்ன நடக்கிறதோ, அது அந்தத் தலைமுறையின் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது. இதைச் சொல்லும்போது நம் ஊர்ப் பிள்ளை சுந்தரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருநாவலூரில் பிறந்த அவருக்குப் புத்தூரில் திருமணம் நடக்கிறது. ஒரு முதியவர் பந்தலுக்குள் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். பாட்டன் எழுதியது பேரனைக் கட்டுமா என்ற வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. வந்தவர் இறைவன், வந்தது ஆட்கொள்ள வந்த ஓலை. அது அடியவரின் பேறு. ஆனால் அந்தச் சபையார் செய்த ஒரு காரியம் நமக்கும் பயன்படும். ஓலையை நீட்டிய உடனே அவர்கள் தலையாட்டிவிடவில்லை. பாட்டனாரின் கையெழுத்து உள்ள வேறு ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

நம் வீடுகளிலும் தாத்தா பட்ட கஷ்டம், அப்பா பட்ட கஷ்டம் ஓர் ஓலையாகப் பிள்ளை கைக்கு வருகிறது. "வியாபாரம் வேணாம், விவசாயம் வேணாம், கம்பெனி வேலை வேணாம்." அதை மதிக்க வேண்டும். அதே சமயம் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

நானும் நீங்களும் சேர்ந்து அதைச் செய்வோம். அரசு வேலை என்றால் ஆட்டமே காணாது என்பது அந்த ஓலையில் எழுதியிருக்கும் முதல் வரி. மக்கள் நலப் பணியாளர்களைக் கேளுங்கள். ஓர் ஆட்சி நியமித்தது, அடுத்த ஆட்சி 1991இல் நீக்கியது. மீண்டும் எடுத்தார்கள், 2001இல் நீக்கினார்கள். மீண்டும் எடுத்தார்கள், 2011இல் நீக்கினார்கள். சாலைப் பணியாளர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை 2002இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு வருடம் கழித்துத்தான் அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் 1,70,000 பேருக்கு மேல் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பிறகு பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டாலும் அந்த நாட்களின் நடுக்கம் அந்த வீடுகளுக்குத்தான் தெரியும். அதே 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றானது. அப்பா காலத்து அரசு வேலையும் பிள்ளை காலத்து அரசு வேலையும் ஒன்றல்ல.

இரண்டாவது வரி: விடாமல் படித்தால் ஒரு நாள் கிடைத்துவிடும். 2024 ஜூன் 9ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பின்னும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இடமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்தவர் முப்பதிலும் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2001 நவம்பரில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டித் தமிழக அரசு பெரும்பாலான பணிகளுக்கு நேரடி நியமனத்தை நிறுத்தியது. 2006இல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த ஐந்து வருடத்தில் கல்லூரி முடித்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்று பொருளியல் ஆய்வாளர் குணால் மங்கல் ஆராய்ந்தார். வேலை இல்லை என்று தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. இன்னும் அதிக காலம் தேர்வுக்குப் படித்தார்கள். தடை நீங்கிப் பத்து வருடம் ஆன பிறகும் அந்தத் தலைமுறையின் வருமானம் குறைவாகவே இருந்தது. அத்தனை வருடம் மனப்பாடம் செய்ததை வெளியே எந்த வேலையும் மதிக்கவில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

பிள்ளைகளே, இதைக் கேட்டுவிட்டுத் தேர்வு எழுதாதீர்கள் என்று சொன்னால் நான் உங்களுக்கு நல்லது சொன்னவன் ஆகமாட்டேன். இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டில் ஒருவர் அரசு வேலைக்குப் போனால் அந்தக் குடும்பமே கரையேறுகிறது. சாதியால் ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து ஒரு பெண் அலுவலக நாற்காலியில் போய் உட்காரும்போது ஊர் அவளிடம் பேசும் விதமே மாறுகிறது. எழுதுங்கள், நன்றாகப் படித்து எழுதுங்கள். ஆனால் எத்தனை வருடம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். இரண்டு தேர்வுச் சுற்று முடிந்ததும் உங்கள் மதிப்பெண் கட் ஆஃபிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கிட்டத்தில் இருந்தால் தொடருங்கள். தூரத்தில் இருந்தால் வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். கணக்குப் பதிவு, தட்டச்சு, வயரிங், பம்புசெட் பழுது என்று கைக்கு ஒரு தொழில் எப்போதும் இருக்கட்டும். அந்தத் தொழில் தெரிந்தவர் தேர்வில் தவறினாலும் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப மாட்டார். உளுந்தூர்பேட்டையில் காலணி ஆலை அமைக்கத் தைவானின் பௌ சென் நிறுவனம் 2023இல் அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்றார்கள். அந்த வாசலில் போய்க் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போது, நிரந்தரமா ஒப்பந்தமா, பிஎஃப் பிடிப்பார்களா, இஎஸ்ஐ உண்டா, ஆர்டர் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். வேலையின் நிலைத்தன்மையை அளக்கும் கேள்விகள் இவை. கேட்பது உங்கள் உரிமை.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் புலம்பலாகவோ சத்தியமாகவோ சொல்லாதீர்கள், கணக்காகச் சொல்லுங்கள். எந்த வருடம் எவ்வளவு கடன், எதற்காக வாங்கியது, யாரிடம், என்ன வட்டி, எப்படி அடைத்தோம். அப்போதுதான் எது விதி, எது மழை, எது அரசின் தவறு, எது நம் கணக்குப் பிசகு என்று பிள்ளை பிரித்துப் பார்க்கும். உரம் கடனுக்கு வாங்கி நொடித்துப்போன அப்பாவின் பிள்ளை, தொழிலே கூடாது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. கடனில் தொழில் செய்யக் கூடாது என்று முடிவு செய்தால் போதும். இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது, நம் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டமும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. ஆகவே நமக்கும் அது வந்தது. ஏரி வேலைக்குப் போன அம்மாவின் கூலி எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்தது என்பதை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் ஆயிரம் ரூபாயும் அப்படித்தான். தொகை சின்னது, ஆனால் மாதாமாதம் வருகிறது. அதன் பலமே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கரும்புப் பணம் 14 நாளில் வர வேண்டும். பயிர் மூழ்கினால் காப்பீட்டுத் தொகை அடுத்த விதைப்புக்கு முன் வர வேண்டும். கல்வராயன் மலையில் கிழங்குக்கு ஒரு குறைந்தபட்ச விலை இருக்க வேண்டும். தேர்வாணையத்தின் அறிவிப்புகளும் முடிவுகளும் சொன்ன தேதியில் வர வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஓர் இளைஞனின் வயதிலிருந்து கழிகிறது.

துணிச்சலாகத் தொழில் தொடங்கு என்று ஏழைப் பிள்ளைக்கு அறிவுரை சொல்வது சுலபம். விழுந்தால் தாங்க ஏற்பாடு செய்வது கஷ்டம். தாங்கும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைதான் துணியும். பெரிய ஊர்களில் தொழில் தொடங்கி வென்றவர்களில் பலர் நம்மைவிடத் தைரியசாலிகள் என்பதால் வெல்லவில்லை. ஒரு முறை தோற்றாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த உறுதியை எல்லா வீட்டுக்கும் கொடுப்பது அரசின் கடமை, ஊரின் கடமை, கூட்டுறவுச் சங்கங்களின் கடமை.

நம் பிள்ளைகளில் சிலர் அரசு அலுவலர் ஆகட்டும், சிலர் ஆலைக்குப் போகட்டும், சிலர் கடை வைக்கட்டும், சிலர் நல்ல விலையோடு கரும்பே போடட்டும். எந்த வேலையாக இருந்தாலும் அது விருப்பப்பட்டு எடுத்த வேலையாக இருக்க வேண்டும், பயந்து ஒதுங்கிய இடமாக இருக்கக் கூடாது. அதற்கான கணக்கை வீட்டில் நாம் எழுதுவோம். அதற்கான உரிமையை வெளியில் நாம் சேர்ந்து கேட்போம்.